குதிரைக்குக் கிளிப்பர் வாங்குவதற்கு முன்

பகல் பதினொரு மணிக்குச் சவாரி முடிந்து லாயத்துக்குத் திரும்பிய குதிரை, பிற்பகல் மூன்று மணிக்கும் வயிற்றடி ஈரம் காயாமல் நிற்கிறதென்றால் அதற்கு மயிர் வெட்டும் காலம் வந்துவிட்டது. நாங்கள் இருப்பது ஊட்டியில், லவ்டேல் பக்கம். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும். அந்தக் குளிருக்காகக் குதிரை தன் உடம்பிலேயே ஒரு கம்பளியை வளர்த்துக்கொள்கிறது. சும்மா மேய்கிற குதிரைக்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது. அதை வெட்டுவது பாவம். நாள்தோறும் ஆளைச் சுமந்து மேடு ஏறுகிற குதிரைக்கோ அதுவே தொந்தரவு. வியர்வை மயிருக்குள் தங்கிவிடும். வெயில் இறங்கியதும் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு குளிரில் நிற்பதுபோல்தான்.

இந்தச் சமயத்தில்தான் கிளிப்பர் என்கிற மயிர் வெட்டும் மிஷினைப் பற்றி எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். "அக்கா, கிளிப்பர் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?" நான் உடனே பெயர் எதையும் சொல்வதில்லை. எத்தனை குதிரை, எப்படிப்பட்ட மயிர், சத்தத்துக்கு மிரளுமா, பிளேடைச் சாணை பிடிக்க எங்கே கொடுப்பீர்கள் என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்து குதிரைகள் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் மற்றவர்களுடைய குதிரைகளுக்கும் வெட்டிக் கொடுப்பேன். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இந்த உயரமும் என் வலது மணிக்கட்டின் வலியும்தான் கிளிப்பரைப் பற்றிய என் கருத்துகளில் பாதியைத் தீர்மானித்தவை.

இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. அவரிடம் இருந்தது கை மிஷின். பழைய முடிதிருத்தும் கடைகளில் இருந்ததைப் போன்ற, இரண்டு பிடிகளையும் விரலால் அமுக்கி அமுக்கி வெட்டுகிற பெரிய இரும்புக் கருவி. ஒரு குதிரைக்கு இரண்டு நாள் ஆகும். முடியும்போது அவரால் காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. வெளிநாடுகளில் இதற்கு அடுத்த கட்டமாக ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் வளையும் குழாயின் முனையில் இருக்கும் பிளேடால் வெட்டும் கருவி வந்தது. அமெரிக்காவில் அதைச் செய்து விற்ற சிகாகோ ஃபிளெக்சிபிள் ஷாஃப்ட் கம்பெனி பின்னால் சமையலறைக் கருவிகளுக்கு மாறி, 1946-இல் சன்பீம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. குதிரைக்கு மயிர் வெட்டியவர்கள் கேக் மாவு கலக்கும் மிஷின் செய்யப் போனார்கள் என்பது எனக்கு இன்றும் சிரிப்பான விஷயம்.

மூன்று அளவு மிஷின்கள்

கடையில் கிளிப்பர் என்று கேட்டால் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று பொருள்களைக் காட்டுவார்கள்.

முதலாவது பெரியது. உடம்பு முழுவதும் வெட்டுவதற்கானது. எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை. பிளேடு ஏறக்குறைய மூன்று அங்குல அகலம். இரண்டு திருகாணிகளால் மாட்டுவது. இந்தப் பிளேடுகளில் ஏ2 என்கிற வகையைப் பல கம்பெனிகளின் மிஷின்களில் மாட்டலாம், அதனால் அது தேடினால் கிடைக்கும். தடித்த குளிர்கால மயிரைத் தயங்காமல் வெட்டும். சத்தமும் அதற்கேற்ப இருக்கும்.

இரண்டாவது நடுத்தரமானது. அரைக் கிலோவுக்கு முன்பின். பிளேடைத் திருகாமல் 'கிளிக்' என்று கழற்றி மாட்டலாம். ஏ5 என்று அழைக்கப்படும் இந்த வகைப் பிளேடு ஆஸ்டர், ஆண்டிஸ், வால் என்று பல கம்பெனிகளின் மிஷின்களுக்கும் பொதுவானது. நாய் வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் வைத்திருப்பது இதைத்தான். குதிரையின் தலை, கால், முழங்கை இடுக்கு, மயிர் மெல்லியதாக உள்ள குதிரையென்றால் முழு உடம்பும்கூட இதில் முடித்துவிடலாம்.

மூன்றாவது டிரிம்மர். உள்ளங்கைக்குள் அடங்கும். காது ஓரம், தாடை, கடிவாளப் பட்டை போகும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும். இதைக் கொண்டு முழுக் குதிரையை வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது வருவார்கள். கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு தம்பி, தான் தாடி ஒதுக்கும் டிரிம்மரால் மட்டக்குதிரை ஒன்றுக்கு வெட்டத் தொடங்கி, ஒரு பக்கத் தோளோடு நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். குதிரை பாதி சிங்கம், பாதி குதிரையாக நின்றுகொண்டிருந்தது. மோட்டாரில் இனிப் புகை ஒன்றுதான் பாக்கி.

ஒன்றோ இரண்டோ குதிரை வைத்திருப்பவர்கள் பெரியதை வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். நல்ல நடுத்தர மிஷின் ஒன்றும் இரண்டு மூன்று பிளேடுகளும் போதும். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். நாலைந்து குதிரைக்கு மேல் என்றால் பெரியது வேண்டும். அந்த நடுத்தர மிஷினைக் கொண்டு ஐந்து தடித்த மயிர்க் குதிரைகளை வரிசையாக வெட்டினால் அது சூடேறி நின்றுவிடும். உங்கள் வேலையும் நிற்கும்.

மயிரைத் தொட்டுப் பாருங்கள்

எந்த அளவு என்று முடிவு செய்வதற்கு முன் குதிரையிடம் போய், விலாவில் மயிர் போகும் திசைக்கு எதிராக விரல்களை நுழையுங்கள். முதல் விரல்கணுவில் பாதியாவது மறைகிறதென்றால் அது பெரிய மிஷினுக்கான மயிர். நகத்தளவில் நின்றுவிட்டால் நடுத்தரம் போதும். ஊட்டியிலேயே பிறந்த மட்டக்குதிரைகளின் மயிர் கரடியைப்போல் இருக்கும். பந்தயத்துக்கு வளர்க்கப்பட்டு, ஓய்வுபெற்றபின் இங்கே வந்துசேரும் தரோபிரெட் குதிரைகளின் தோல் மெல்லியது, மயிரும் பட்டு. மார்வாரி, கத்தியவாரி குதிரைகளும் அப்படியே. ஒரே லாயத்தில் இரண்டு வகையும் இருந்தால், தடித்த மயிரை வைத்து மிஷினைத் தேர்ந்தெடுங்கள், மெல்லிய தோலை வைத்துப் பிளேடைத் தேர்ந்தெடுங்கள்.

விரலை எடுத்ததும் அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒன்று வரும். தோல் எண்ணெயும் செதிலும் மண்ணும் சேர்ந்த அழுக்கு. பிளேடின் முனையை மழுக்குவதில் மயிரைவிட இதற்குத்தான் பங்கு அதிகம். வெட்டுவதற்கு முதல் நாள், வெயில் அடிக்கிற பகலாகப் பார்த்து, வெந்நீரும் ஷாம்பும் போட்டுக் குளிப்பாட்டி, முழுக்கக் காயவிடுங்கள். ஈர மயிரை எந்த மிஷினும் வெட்டாது, பல்லுக்குள் அப்பிக்கொள்ளும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். உடம்பு கொதிக்கும், மூச்சு வாங்கும், தோல் உலர்ந்து கிடக்கும். அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் மற்றவற்றோடு மயிரைக் குறைப்பதும் உதவும். வயதான குதிரை மே மாதத்திலும் சுருண்ட நீள மயிரோடு உதிர்க்காமல் நின்றால் மட்டும் முதலில் கிளிப்பரைத் தேடாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது பெரும்பாலும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறின் அடையாளம்.

எண்களின் குழப்பம்

ஏ5 பிளேடுகளில் எண் கூடக்கூட வெட்டு குட்டையாகும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில்தான் தடுக்கி விழுவார்கள். 10 என்றால் தோலின்மேல் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் மயிர் நிற்கும். 15 என்றால் 1.2. 30 என்றால் அரை மில்லிமீட்டர். 40 என்றால் கால் மில்லிமீட்டர். அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலைத் தயார் செய்ய மருத்துவர்கள் பயன்படுத்துவது. மறுபக்கம் போனால் 7 என்பது 3.2 மில்லிமீட்டர், 5 என்பது 6.3, 4 என்பது 9.5. குதிரைக்கு முதன்முதலில் வாங்குகிறவர்கள் 10-ஐ வாங்குங்கள். தவறு செய்தாலும் மன்னிக்கும் பிளேடு அது. 30-ம் 40-ம் குதிரையின் உடம்புக்கு வேண்டாம். ஊட்டி உயரத்தில் வெயில் கடுமை. மயிரை ஒட்ட வழித்த வெள்ளைக் குதிரையின் இளஞ்சிவப்புத் தோல் இரண்டே நாளில் வெந்துவிடும்.

பெரிய மிஷினின் பிளேடுகளுக்கு எண்ணைவிட மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்ற பேச்சே அதிகம். மெல்லியது 1 முதல் 1.5 மில்லிமீட்டர், நடுத்தரம் 2 முதல் 3 வரை விடும். நான் உடம்புக்கு நடுத்தரத்தையே விரும்புகிறேன். மெல்லிய பிளேடு வெட்டிய அன்று பளபளப்பாகக் காட்டும்; ஆனால் ஒவ்வொரு கை நடுக்கத்தையும் கோடாகப் பதிந்து வைத்திருக்கும். நடுத்தரம் கொஞ்சம் மறைத்துக்கொடுக்கும்.

கையில் பிடித்துப் பார்ப்பது

கடையில் வாட்டைக் கேட்காதீர்கள். மிஷினைக் கையில் வாங்கி, தோள் உயரத்துக்குத் தூக்கி, சுவரில் மேலும் கீழுமாக ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ஒரு குதிரைக்கு ஒன்றரை மணி நேரம் அதைத் தூக்கப்போவது அவரில்லை. என் முதல் பெரிய மிஷினின் பிடி, என் விரல்கள் சுற்றி வந்து சேராத அளவுக்குத் தடித்திருந்தது. இரண்டாவது குதிரை முடிந்ததும் மணிக்கட்டில் பெண்டுலம்போல் ஒரு வலி ஆடத் தொடங்கியது. அந்த வலியோடு வெட்டினால் பிளேடு தோலுக்கு இணையாக நிற்காது, அதன் முனை தோலில் குத்தும்; குதிரை திடுக்கிடும். சிறிய கை உள்ளவர்கள் எடையைவிடப் பிடியின் சுற்றளவைப் பாருங்கள்.

அடுத்து, ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரே அளவு சத்தத்திலும் இரண்டு வகை உண்டு. 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓடும் மிஷினைக் குதிரைகள் சீக்கிரம் ஏற்றுக்கொள்கின்றன. 'கிர்ர்' என்று உயர்ந்த சுருதியில் அதிரும் மிஷின் சத்தம் குறைவாக இருந்தாலும் அவற்றுக்குப் பிடிப்பதில்லை. என்னிடம் மேகலை என்று ஒரு மார்வாரிப் பெண்குதிரை உண்டு. காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். புது மிஷின் வாங்கும்போது அவளுடைய காதுதான் எனக்கு அளவுகோல். லாயத்துக்கு வெளியே பத்தடி தள்ளி ஓடவிடுவேன். நுனிகள் தொட்டபடியே மிஷின் பக்கம் திரும்பினால் பிரச்சினை இல்லை. பிரிந்து பின்னால் படிந்தால் அந்த மிஷினோடு அந்தக் குளிர்காலம் முழுவதும் சண்டைதான்.

கம்பியா, பேட்டரியா என்று கேட்டால், லாயத்துக்குப் பேட்டரி என்பேன். ஈரத் தரை, இரும்பு லாடம் அடித்த நான்கு கால்கள், நடுவில் ஒரு மின்கம்பி. மனிதனைவிடக் குதிரை மின்சாரத்துக்குச் சீக்கிரம் பலியாகும். கம்பி மிஷின்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கிற சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்பியை மேலே உத்தரத்தில் கட்டி இறக்குங்கள், காலடியில் கிடக்கவிடாதீர்கள். ரப்பர் அடி வைத்த செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி மிஷின் என்றால் ஒரு பேட்டரிக்கு மேல் வாங்க வேண்டும். இங்கே காலைக் குளிரில் அட்டையில் போட்ட நேரம் ஓடாது. நான் உதிரிப் பேட்டரியை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் மிஷின் தனிக்கதை. அமெரிக்காவிலிருந்து என் மைத்துனர் அன்போடு ஒன்று கொண்டுவந்தார். பின்னைப் பொருத்த ஓர் அடாப்டரும் வாங்கியிருந்தார். அந்த அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. நம் 230 வோல்ட்டில் மாட்டிய மூன்றாவது வினாடியில் கருகிய வாசனை வந்தது. மிஷினின் அடியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகவே எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் முழுத் தீர்வு கிடையாது. காந்தத்தால் அதிர்ந்து ஓடும் வகை மிஷின்கள் மின்சாரத்தின் அலைவெண்ணையே தாளமாக வைத்து ஓடுபவை. 60-க்கு அமைத்ததை நம் 50-இல் ஓட்டினால் சோம்பிப்போகும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும் பேட்டரி மிஷினென்றால் தயங்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள்.

சாணை பிடிப்பவர் யார்?

இப்போது அந்தக் கேள்வி. கிளிப்பரின் பிளேடு இரண்டு துண்டு. கீழே சீப்பு, அது அசையாது. மேலே வெட்டுத் தகடு, அது பக்கவாட்டில் ஓடும். இரண்டின் முகமும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடவேண்டும். அந்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழிவு ஒன்று இருக்கும். இதை அதற்கென்று உள்ள சுழலும் தட்டில் வைத்துத்தான் தீட்ட வேண்டும். கத்தி, கத்தரிக்கோல் தீட்டும் சக்கரத்தில் வைத்தால் முடிந்தது கதை. நான் ஒருமுறை அவசரத்துக்கு ஒரு கடையில் கொடுத்தேன். அரிவாள்மனைபோல் மின்னிக்கொண்டு திரும்பி வந்தது. மாட்டி ஓட்டினால் மயிரை வெட்டாமல் மெல்லத் தொடங்கியது. இரண்டு பிளேடும் குப்பைக்குப் போயின.

ஆகவே மிஷினை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். நாய்களுக்கு முடி திருத்தும் நிலையங்கள் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரில் இருக்கின்றன. அவர்கள் பிளேடுகளை எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டால் வழி தெரியும். நல்ல சாணைக்காரர் எந்த வகைப் பிளேடைத் தீட்டுகிறாரோ, அந்தப் பிளேடு பொருந்தும் மிஷினை வாங்குங்கள். விசித்திரமான சொந்த வகைப் பிளேடு உள்ள மிஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். என் கணக்கில், குளிப்பாட்டிய குதிரையென்றால் ஒரு கூர்மை மூன்று குதிரைக்கு வரும். மண்ணோடு வெட்டினால் ஒரு குதிரைக்கே போதாது. குறைந்தது இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று சாணைக்குப் போயிருக்கும்போது ஒன்று கையில் இருக்கும். சீப்பையும் தகட்டையும் ஜோடி மாற்றிவிடாதீர்கள். நான் நூல் கட்டி வைப்பேன்.

மழுங்காத பிளேடும் வெட்டாமல் போவதுண்டு. அப்போது இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏ5 வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். பெரிய மிஷினின் மேல் ஒரு திருகு இருக்கும். தளர்வாக இருந்தால் இரண்டு தகடுகளுக்கும் இடையே மயிர் நுழைந்து மடங்கும். குதிரைக்கு மயிரைப் பிடுங்குவதுபோல் இருக்கும். மிக இறுக்கினால் மோட்டார் முனகும், பிளேடு சூடேறும். என் மிஷினில் விரலுக்கு எதிர்ப்புத் தெரியும்வரை திருகிவிட்டு, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். இன்னொரு கம்பெனி மிஷினில் எதிர்ப்புத் தெரிந்தபின் கால் சுற்று இறுக்கச் சொல்கிறார்கள். எனவே உங்கள் கையேட்டைப் படியுங்கள். படித்தபிறகு காதை நம்புங்கள். சரியான இறுக்கத்தில் மிஷின் ஒரே சீராகப் பாடும். அந்தப் பாட்டில் 'டக டக' என்று ஓர் ஓசை கலந்தால் தளர்வு, சுருதி இறங்கினால் இறுக்கம். வெட்டிக்கொண்டிருக்கும்போது இறுக்கத்தை மேலும் மேலும் கூட்டவேண்டி வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். திருகை விட்டுவிட்டுப் பிளேடை மாற்றுங்கள்.

எண்ணெய் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. மிஷின் ஓடும்போதே பற்களின்மேல் இரண்டு மூன்று சொட்டு, இருபக்கத் தடங்களிலும் ஒவ்வொரு சொட்டு. கிளிப்பருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் நல்லது. அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது எங்கள் ஊரில் நவம்பர் முதல் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடக்கும். பிளேடுக்குள்ளும் அப்படித்தான் கிடக்கும். எண்ணெய் விடும் ஒவ்வொரு முறையும் பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். பீங்கான் தகடு வைத்த பிளேடுகள் அவ்வளவாகச் சூடேறாது, ஆனால் கல்தரையில் ஒருமுறை விழுந்தால் பல் தெறித்துவிடும். என் லாயத்தில் கல்தரை.

இன்னொன்று. பிளேடை இரவல் கொடுக்காதீர்கள். படர்தாமரை குதிரையிலிருந்து குதிரைக்குப் பிளேடு வழியாகப் போகும், குதிரையிலிருந்து நமக்கும் வரும். மற்றவர் லாயத்துக்குப் போகும்போது நான் அவர்களுடைய பிளேடையே மாட்டச் சொல்வேன். இல்லையென்றால் என் பிளேடு கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகுதான் என் லாயத்துக்குள் வரும்.

மற்ற உயிரினங்கள்

குதிரைக்கு வாங்கிய மிஷினால் ஆட்டுக்கும் வெட்டலாமா என்று கேட்பார்கள். செம்மறியின் கம்பளிக்குள் இருக்கும் கொழுப்பு, குதிரைப் பிளேடின் நெருக்கமான பற்களை நாலு இழுப்பில் அடைத்துவிடும். ஆட்டுக்கான சீப்பில் வழக்கமாகப் பதின்மூன்று பற்கள்தான், அகன்று நிற்கும். அதே காரணத்தால் அதைக் குதிரைமேல் வைக்கக்கூடாது. தோல் மடிப்பு பல்லுக்கு நடுவே போய்விடும். ஆட்டு மயிர் வெட்டுவது தனி வித்தை. ஆஸ்திரேலியாவில் ஃபிரடெரிக் உல்ஸ்லி செய்த மிஷின்களைக் கொண்டு 1888-இல் டன்லப் பண்ணையில் முழு மந்தையையும் வெட்டி முடித்தார்கள். அதுவரை எல்லாம் கத்தரிதான். எங்கள் பக்கம் கம்பளிக்கென்று நீலகிரிச் செம்மறி இருக்கிறது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைப் பேணுகிறார்கள். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, அதன் உடம்பில் வெட்டுவதற்குக் கம்பளி இல்லை.

பால்மாட்டுக்கு மடியில் உள்ள மயிரை மட்டும் ஒதுக்கினால் போதும். சாணமும் மண்ணும் ஒட்டாது, கறக்குமுன் கழுவுவது சுலபம். நடுத்தர மிஷினும் 10-ஆம் எண் பிளேடும், அல்லது நல்ல டிரிம்மர். காம்புக்கு அருகே விரலால் மறைத்துக்கொண்டு வெட்டுங்கள். மாடு பக்கவாட்டில் உதைக்கும் என்பதைக் குதிரைக்காரர்கள் மறந்துவிடுவார்கள், நான் மறந்திருக்கிறேன்.

நாய் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். ஏப்ரல் வந்ததும் பொமரேனியனையும் கோல்டன் ரிட்ரீவரையும் மொட்டையடிக்கச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். அவற்றுக்கு இரண்டு அடுக்கு மயிர். வெயிலையும் அதுதான் தடுக்கிறது. வழித்துவிட்டால் சிலவற்றுக்கு மயிர் சரியாகத் திரும்ப முளைப்பதே இல்லை. உள்மயிரைச் சீப்பால் வாரி எடுங்கள், போதும். ஷீ ட்ஸூ, லாசா, பூடில் ஆகியவற்றின் மயிர் வளர்ந்துகொண்டே போகும், அவற்றுக்குத்தான் கிளிப்பர். பிளேடு வாங்கும்போது 5, 7 ஆகிய எண்களில் எஃப் என்ற எழுத்து சேர்ந்ததா என்று பாருங்கள். எஃப் இல்லாததில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை. அக்குள், தொடை மடிப்பில் தோலைக் கவ்விவிடும். பூனையின் தோல் காகிதம் போன்றது. சிக்குப் பிடித்த பாரசீகப் பூனையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிப்பிப்பாறை நாய்க்குக் கிளிப்பர் கேட்டு வந்த ஒருவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

மீண்டும் குதிரைக்கே வருகிறேன். டிரிம்மர் கையில் இருக்கிறதென்று மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை மயிர்களை எடுத்துவிடாதீர்கள். இருட்டில் தீவனத் தொட்டியையும் சுவரையும் அது அவற்றால்தான் தொட்டறிகிறது. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் அப்படி மழிக்கப்பட்ட குதிரைகளைப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. காதிலும் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து வெளியே பிதுங்கும் மயிரை மட்டும் எடுங்கள். உள்ளே இருப்பது பூச்சிக்கான வலை.

புது மிஷின் வந்த அன்றே வெட்டத் தொடங்க வேண்டாம். பிளேடில் துருப்பிடிக்காமல் பூசியிருக்கும் பசையைத் துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு தினமும் தீவனம் தின்னும் நேரத்தில், தள்ளி நின்று ஓடவிடுங்கள். நாலைந்து நாள் கழித்து, பிளேடு இல்லாத பின்பக்கத்தைத் தோளில் வையுங்கள். அதிர்வு உடம்பில் இறங்கட்டும். அதற்கும் அடங்காத குதிரைக்கு மருத்துவர் மயக்க ஊசி போடுவார். ஊசி போட்ட குதிரையும் திடீரென்று உதைக்கும், தூங்குகிறது என்று நம்பிப் பின்னால் போய் நிற்காதீர்கள்.

இதைப் பிப்ரவரியில் படிக்கிறீர்களானால் அவசரமே இல்லை. ஜனவரி கடைசிக்குப் பிறகு நான் மிஷினை எடுப்பதில்லை. கோடை மயிர் கீழே முளைக்கத் தொடங்கியிருக்கும், அதன் நுனியையும் சேர்த்து வெட்டிவிட்டால் கோடை முழுவதும் மங்கலாகத் தெரியும். மிஷினை இப்போது வாங்கினாலும் பேட்டரியைப் பாதி சார்ஜோடு எடுத்து வையுங்கள். பிளேடுகளைச் சாணைக்கு அனுப்பி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை லாய வாசலில் நின்று சும்மா ஓட்டிக்காட்டுங்கள். நவம்பர் வருவதற்குள் உங்கள் குதிரை அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தீவனம் வருகிறதென்று நினைத்துத் தலையை நீட்டும்.